அந்த ஒரு பிடி அரிசி எந்த மாடல்ல இருக்கு?



இந்த வார எபிசோட்ல ஆலைகளையும் மின்கட்டத்தையும் கணினி மாடல் வச்சு ஓட்டுறதைப் பத்திப் பேசினோம். கேட்டவங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் பாதியிலேயே நின்னுபோச்சு. எடிசன்ல உக்காந்து என்கூட இந்த பாட்காஸ்ட் பண்ற நண்பர் "மச்சி, இதை எழுதிடு, பேசினா நாலு மணி நேரம் ஆகும்"னு சொல்லிட்டார். அதனால இந்த வாரக் கடிதம் கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மாடல் வச்சு ஓட்டுறது நல்ல விஷயம். எனக்குச் சோறு போடுறதே அந்த வேலைதான். ஆனா எதையும் "ஆப்டிமைஸ்" பண்ண உக்காந்தா, முதல்ல வெட்டுப்படுறது மிச்சம். கையிருப்பு, இடைவெளி, உபரி, எந்தப் பேர் வேணா வைங்க. அந்த மிச்சத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு மாடல் தானா கண்டுபிடிக்காது, யாராவது எழுதிக் கொடுக்கணும். அதை எழுதிக் கொடுக்கிற வேலையை இன்ஜினியர்கள்கிட்டயும் மார்க்கெட்கிட்டயும் மட்டும் விட்டுட்டுப் போறது தப்புன்னு நான் நினைக்கிறேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன்னு சொல்றதுக்கு எங்க அப்பாயிகிட்டேர்ந்து ஆரம்பிக்கணும்.

கேட்டியில அப்பாயி

அப்பாயி லால்குடிக்காரங்க. 2020 தொடக்கத்துல ஆறு மாசம் இருந்துட்டுப் போகலாம்னு டெக்சஸ் வந்தவங்க, கோவிட்ல ஃப்ளைட் எல்லாம் நின்னுபோய் கேட்டியில எங்க வீட்லயே மாட்டிக்கிட்டாங்க. 2021 பிப்ரவரி 15, விடியறதுக்கு முன்னாடி கரண்ட் போச்சு. ஹீட்டர் நின்னுச்சு. காலைல அப்பாயி ரெண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, மேல அப்பாவோட ஜாக்கெட் போட்டுக்கிட்டு சோபால உக்காந்திருந்தாங்க. வாயைத் திறந்தா புகை வருது.

அவங்க கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்குப்பா வரும்?"

அப்பா சொன்னார், "தெரியலம்மா."

"அது எப்படித் தெரியாம இருக்கும்? நம்ம ஊர்ல போச்சுன்னா இத்தனை மணிக்கு வரும்னு பேப்பர்லயே போடுவான்ல?"

2012 சமயத்துல தமிழ்நாட்டுல இருந்தவங்களுக்கு இது புரியும். பத்தாக்குறை கடுமையா இருந்த நேரம். சென்னைக்குக் குறைவு, மத்த மாவட்டங்களுக்கு ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. அப்பாயிக்கு அந்தக் கோபம் இன்னும் போகல. "மெட்ராஸ்காரனுக்கு ரெண்டு மணி நேரம், எங்களுக்குப் பாதி நாளு"ன்னு இப்பவும் சொல்லுவாங்க. ஆனா போகுற நேரம் ஓரளவுக்குத் தெரியும். தெரிஞ்சா மாவு ஆட்டி வைக்கலாம், மோட்டார் போட்டுத் தண்ணி ஏத்தி வைக்கலாம்.

எங்க வீட்ல கேஸ் அடுப்பு. தீக்குச்சி வச்சுப் பத்த வச்சு அம்மா சமைச்சாங்க. அரிசி அளக்கும்போது அப்பாயி வழக்கம்போல, "இன்னும் ஒரு பிடி போடு"ன்னாங்க. அம்மாவும் வழக்கம்போல, "யாரு அத்தை வரப்போறா இந்தக் குளிர்ல?"ன்னாங்க. மத்தியானம் பக்கத்து வீட்டு வயசான தம்பதி கதவைத் தட்டினாங்க. அவங்க வீட்ல எல்லாமே எலெக்ட்ரிக், சூடா ஒண்ணும் சாப்பிடல. ரெண்டு பேரும் எங்க வீட்டுத் தரையில கம்பளி போத்திக்கிட்டு ரசம் சாதம் சாப்பிட்டாங்க.

அந்த ஒரு பிடியைத்தான் இந்தக் கடிதம் முழுக்கத் தேடப் போறேன்.

ஹூஸ்டன்ல பிறந்த ஒரு ஐடியா

நம்மள்ல நிறைய பேர் டெக்னாலஜின்னா பே ஏரியாவுலதான் பிறக்கும்னு நினைச்சுட்டு வளர்ந்தவங்க. மாடல் வச்சு ஆலையை ஓட்டுற கலை பெரிய அளவுல வளர்ந்தது டெக்சஸ் சுத்திகரிப்பு ஆலைகள் பக்கம். ஷெல் கம்பெனில வேலை பார்த்த சார்லஸ் கட்லரும் ப்ரையன் ரமேக்கரும் 1979ல ஹூஸ்டன்ல நடந்த வேதிப் பொறியாளர்கள் கூட்டத்துல ஒரு கட்டுரை வாசிச்சாங்க. அவங்க முறைக்கு வச்ச பேர் டைனமிக் மேட்ரிக்ஸ் கன்ட்ரோல்.

விஷயம் சிம்பிள்தான். ஒரு வால்வை 2 சதவீதம் திற. ஆலையோட வெப்பநிலை, அழுத்தம், திரவ மட்டம் எல்லாம் அடுத்த சில மணி நேரத்துல எப்படி நகருதுன்னு பதிவு பண்ணு. இப்படி ஒவ்வொரு வால்வுக்கும் பண்ணு. இப்ப உன் கையில ஒரு மாடல் இருக்கு: "இதை இவ்வளவு தொட்டா, அது இவ்வளவு நேரத்துல இவ்வளவு நகரும்." அதை வச்சு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத் திட்டம் போடு. ஆனா திட்டத்துல முதல் அடியை மட்டும் எடுத்து வை. ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி அளந்து பார், மறுபடி திட்டம் போடு.

டர்ன்பைக்ல கார் ஓட்டுறவங்க எல்லாரும் இதைத்தான் பண்றோம். ரெண்டு மைல் தள்ளி பிரேக் லைட் தெரியுது, லேன் மாத்தலாம்னு மனசுல ஒரு திட்டம் ஓடுது, ஆனா கை இப்போதைக்கு ஸ்டியரிங்கைக் கொஞ்சம்தான் திருப்புது. அடுத்த நொடி மறுபடி பார்க்கிறோம்.

நியூ ஜெர்சிக்கும் இதுல பங்கு இருக்கு. இந்த மாதிரித் திட்டம் போடுற கணக்குக்கு அடித்தளம் லீனியர் ப்ரோகிராமிங். 1947ல ஜார்ஜ் டான்ட்சிக் கொடுத்த சிம்ப்ளெக்ஸ் முறைதான் அதுக்கு ராஜா. 1984ல மர்ரே ஹில்ல இருக்கிற பெல் லேப்ஸ்ல நரேந்திர கர்மார்க்கர்னு ஐஐடி பாம்பேல படிச்ச ஒருத்தர், பெரிய கணக்குகளை வேற வழியில போடலாம்னு காட்டினார். சிம்ப்ளெக்ஸ் ஓரமாவே மூலைக்கு மூலை நடந்து போகும். கர்மார்க்கர் முறை உள்ளுக்குள்ள புகுந்து குறுக்கால போகும். ஆனா நேர்கோட்டுக் கணக்குல ரெண்டும் கடைசியா போய்ச் சேர்றது ஏதாவது ஒரு மூலைதான்.

இந்த மூலை விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க. சிறந்த விடை எப்பவும் எல்லையில முட்டிக்கிட்டு நிக்கும். பம்ப் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு, குழாய் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. நடுவுல வசதியா நிக்கிறதுக்கு மாடலுக்குக் காரணமே கிடையாது. நடுவுல நின்னா காசு வீணுன்னு அதுக்கு நாமதானே சொல்லிக் கொடுத்திருக்கோம்.

ராத்திரி ஷிஃப்ட்ல நடந்தது

என் முதல் வேலை ஹூஸ்டன் ஷிப் சேனல் ஓரமா ஒரு ஆலையில. எந்த ஆலைன்னு சொல்ல மாட்டேன். ஒரு வடிகலனுக்கு இந்த மாதிரி கன்ட்ரோலர் போட்டேன். 23 வயசு, பெருமை தாங்கல. பகல்ல அருமையா ஓடுது. வாராந்திர ரிப்போர்ட்ல "97 சதவீத நேரம் ஆன்"னு வருது. ஆனா எதிர்பார்த்த லாபம் வரல.

ஒரு ராத்திரி கன்ட்ரோல் ரூம்ல போய் உக்காந்து பார்த்தேன். ஆபரேட்டர் என் கன்ட்ரோலரை ஆஃப் பண்ணவே இல்ல. அதைவிட நாசூக்கா ஒண்ணு பண்ணியிருந்தார். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சிருந்தார். கன்ட்ரோலர் ஆன்லதான் இருக்கு, ஆனா அசைய இடமில்ல. கயித்துல கட்டின மாடு மாதிரி நிக்குது.

கோபமா வந்துச்சு. ஏன்னு கேட்டேன். அவர் 30 வருஷம் அந்த ஆலையில இருந்தவர். பொறுமையா சொன்னார்: மாடல் மேல் தொட்டியில மட்டத்தை எப்பவும் கீழ் எல்லைக்குத் தள்ளுது. அங்க மட்டம் இறங்கினா கீழ இருக்கிற பம்ப் கரகரன்னு சத்தம் போடும். உள்ள ஆவிக் குமிழி உண்டாகி உடையுற சத்தம். ரெண்டு நாள் அப்படி ஓடினா சீல் போயிடும். சீல் போனா கசிவு. கசியுறது தண்ணி இல்ல.

அந்தச் சத்தத்துக்கு என் மாடல்ல ஒரு வரி கூட இல்ல. அளவுக்கருவி காட்டாத ஒண்ணை அவர் காதால அளந்து, கையால எல்லை போட்டிருக்கார். அந்த இடைவெளியை நான் "வீணாகுற லாபம்"னு ரிப்போர்ட்ல எழுதியிருந்தேன். அவர் கணக்குல அது அப்பாயியோட ஒரு பிடி.

மறுநாள் கீழ் எல்லையை மேல ஏத்தினேன். அவரும் ஒட்ட வச்சிருந்ததை விடுவிச்சார். அதுக்கப்புறம்தான் கன்ட்ரோலர் உண்மையிலேயே வேலை செஞ்சுது, லாபமும் வந்துச்சு.

ஒரு மாநிலமே ஒரு மாடல்ல

ஆலைக்குச் சொன்னதை மின்கட்டத்துக்கு அப்படியே பெருசாக்கிப் பாருங்க. டெக்சஸ் மின்தேவையில ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கவனிக்கிறது எர்காட். அங்க 2010 டிசம்பர்லேர்ந்து ஒரு மாடல் சுமார் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுது. எந்த மின்நிலையம் என்ன விலைக்குத் தரும், எந்தக் கம்பி எவ்வளவு தாங்கும், இப்ப தேவை எவ்வளவு, எல்லாத்தையும் போட்டு, குறைஞ்ச செலவுல யார் எவ்வளவு உற்பத்தி பண்ணணும்னு முடிவு பண்ணுது. விலையும் அதுலேர்ந்தே வருது. பொறியியலா பார்த்தா அற்புதமான வேலை. இது இல்லாம இவ்வளவு காற்றாலையையும் சூரிய மின்சாரத்தையும் அந்தக் கட்டத்துல சேர்த்திருக்கவே முடியாது.

2021 பிப்ரவரிக்கு வருவோம். அந்தக் குளிர்காலத்துக்கு முன்னாடி வந்த மதிப்பீட்டுல, ரொம்ப மோசமான நாள்னு எடுத்துக்கிட்ட உச்சத் தேவை சுமார் 67,200 மெகாவாட். பிப்ரவரி 14 சாயங்காலமே அதைத் தாண்டிடுச்சு. மின்வெட்டு இல்லாம இருந்திருந்தா தேவை சுமார் 76,800 வரைக்கும் போயிருக்கும்னு பிறகு கணக்குப் போட்டாங்க. அதே நேரத்துல, மோசமான கட்டத்துல, சுமார் 52,000 மெகாவாட் உற்பத்தி வெளியே போயிருந்தது. கிட்டத்தட்ட பாதிக் கட்டம்.

15ஆம் தேதி ராத்திரி 1:55 மணி வாக்குல அதிர்வெண் 59.3 ஹெர்ட்ஸுக்கு இறங்கிச்சு. 60ல இருக்க வேண்டியது. 59.4க்குக் கீழ 9 நிமிஷம் இருந்தா மின்நிலையங்கள் தங்களைக் காப்பாத்திக்கத் தானாவே கழண்டுக்கும். அப்படி நடந்தா மொத்தக் கட்டமும் விழும், திரும்ப எழுப்ப வாரக்கணக்கு ஆகலாம். 4 நிமிஷம் 23 நொடி அந்தக் கோட்டுக்குக் கீழ இருந்துட்டு மேல வந்தது. கட்டத்தைக் காப்பாத்தினது கன்ட்ரோல் ரூம்ல இருந்த மனுஷங்க. வேற வழியில்லாம ஊர் ஊரா மின்சாரத்தை வெட்டினாங்க, உச்சத்துல 20,000 மெகாவாட். சுழற்சி முறையில வெட்டணும்னுதான் திட்டம். ஆனா வெட்ட வேண்டிய அளவு அவ்வளவு பெருசா இருந்ததால பல இடங்கள்ல சுழற்றவே முடியல. போன வீட்டுக்கு நாள்கணக்குல வரல. அப்பாயி கேட்ட "எத்தனை மணிக்கு"க்கு யார்கிட்டயும் பதில் இல்லாததுக்குக் காரணம் அதுதான். 45 லட்சம் வீடுகள், கடைகள் இருட்டுல இருந்தன. மாநில சுகாதாரத் துறை கணக்குல இறந்தவங்க 246 பேர்.

இதுல மாடல் பத்தி மூணு பாடம் இருக்கு.

முதலாவது, உறைபனி. மத்திய ஒழுங்குமுறை ஆணையமும் நம்பகத்தன்மை அமைப்பும் சேர்ந்து 2021 நவம்பர்ல வெளியிட்ட அறிக்கைப்படி, உறைஞ்சதால நின்ன சம்பவங்கள்ல 81 சதவீதம், அந்த நிலையங்கள் "இதுவரைக்கும் தாங்கும்"னு சொல்லியிருந்த வெப்பநிலைக்கு மேலேயே நடந்தது. அதாவது மாடலுக்குக் கொடுத்த எல்லையே காகிதத்துல இருந்த எல்லை. என் பம்ப் கதைதான், அளவு மட்டும் பெருசு.

ரெண்டாவது, வட்டம். எரிவாயு வயல்கள்லயும் குழாய்ப் பாதையிலயும் நிறைய கம்ப்ரசர்கள் மின்சாரத்துல ஓடுது. மின்சாரத்தை வெட்டினப்ப அதுங்களுக்கும் வெட்டு விழுந்தது, ஏன்னா பல இடங்கள் "வெட்டக் கூடாத" பட்டியல்ல பதிவே பண்ணல. எரிவாயு குறைஞ்சது, அதனால மின்சாரம் இன்னும் குறைஞ்சது. மின்கட்ட மாடலுக்கு எரிவாயு வெளியிலேர்ந்து வர்ற ஒரு சரக்கு, அவ்வளவுதான். தன் கையே தன் கழுத்தை நெரிக்குதுன்னு அதுக்குத் தெரிய வழியில்ல.

மூணாவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. ஊரையே வெட்டி வச்சிருக்கிற நேரத்துல விலை உச்சத்துல இருக்கணும்ல? அன்னிக்கு அனுமதிச்ச உச்சம் மெகாவாட் மணிக்கு 9,000 டாலர். ஆனா ஒரு கட்டத்துல மாடல் சுமார் 1,200 டாலர்னு விலை சொல்லிக்கிட்டிருந்தது. ஏன்? வெட்டப்பட்ட வீடு மின்சாரம் கேட்காது. கேட்காததால தேவை குறைஞ்சிருக்குன்னு மாடல் நினைச்சுக்குது. இருட்டுல குளிர்ல உக்காந்திருக்கிற எல்லாரும் அதோட கண்ணுக்கு "எனக்கு வேண்டாம்"னு சொன்னவங்க.

மாநில ஆணையம் தலையிட்டு விலையை 9,000ல வைக்கச் சொல்லிச்சு. 17ஆம் தேதி ராத்திரியே மின்வெட்டு முடிஞ்சும் 19 காலை வரைக்கும் அது அங்கேயே நின்னுச்சு. அந்தக் கூடுதல் நேரத்தால சுமார் 16 பில்லியன் டாலர் அதிகம் வசூலாச்சுன்னு சந்தையைக் கண்காணிக்கிற நிறுவனம் சொன்னது. ஆணையத்தோட உத்தரவு செல்லும்னு 2024ல டெக்சஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. யார் பக்கம் நியாயம்னு நான் இங்க தீர்ப்பு சொல்லல. ஒண்ணை மட்டும் கவனிங்க. மாடல் குறைவா சொன்னப்பவும் சரி, மனுஷங்க கூட்டி வச்சப்பவும் சரி, "ஒரு வீட்டுக்கு மின்சாரம் இல்லாததோட விலை என்ன?"ங்கிற கேள்விக்கு யாரோ ஒரு எண்ணை எழுதத்தான் வேண்டியிருந்தது. அந்த எண் இயற்பியல்லேர்ந்து வரல.

பே ஏரியா மக்கள் சிரிக்க வேண்டாம். 2020 ஆகஸ்ட் 14, 15ல கலிஃபோர்னியாவுலயும் சுழற்சி மின்வெட்டு வந்தது. பிறகு வந்த அறிக்கை சொன்ன காரணங்கள்ல ஒண்ணு: சூரியன் சாயுற நேரத்துக்கு ஏத்த மாதிரி திட்டமிடல் மாறல. தேவை உச்சத்துல இருக்கிற நேரத்தைப் பார்த்துத் தயாரா இருந்தாங்க. பத்தாக்குறை வந்ததோ, ஏசி இன்னும் ஓடிக்கிட்டிருக்க, சோலார் பேனல்கள் தூங்கப் போற சாயங்கால நேரத்துல. கேட்ட கேள்விக்கு மாடல் ஒழுங்கா பதில் சொல்லுச்சு. கேள்வி ரெண்டு மணி நேரம் தள்ளி இருந்திருக்கணும்.

அப்போ மாடலே வேண்டாமா?

இதைப் படிச்சுட்டு "பார்த்தியா, கம்ப்யூட்டரை நம்பக் கூடாது"ன்னு எங்க பெரியப்பா மாதிரி யாரும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. மாடல் இல்லாததால நடந்த கொடுமையும் அதே டெக்சஸ்ல இருக்கு.

2005 மார்ச் 23, டெக்சஸ் சிட்டி, பிபி சுத்திகரிப்பு ஆலை. ஒரு 170 அடி கோபுரத்தைத் திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது, மணிக்கணக்கா திரவம் உள்ள போய்க்கிட்டே இருந்தது, கீழ வெளியே எடுக்கல. சாதாரணமா ஆறேழு அடி இருக்க வேண்டிய மட்டம் 158 அடிக்கு ஏறிடுச்சு. ஆனா மட்டக் கருவி 10 அடிக்கும் கீழ, அதுவும் இறங்கிக்கிட்டு இருக்குன்னு காட்டிச்சு. நிரம்பி வழிஞ்சு, தீப்பிடிச்சு, 15 பேர் செத்தாங்க, 180 பேருக்குக் காயம். விசாரணை அறிக்கையில ஒரு விவரம் இருக்கு: உள்ள போற அளவு ஒரு திரையில, வெளிய வர்ற அளவு வேற திரையில. ரெண்டையும் கழிச்சுப் பார்க்கிற ஒரு சின்னக் கணக்கு கண்ணு முன்னாடி இல்ல.

"உள்ள போனது, வெளிய வந்தது, மிச்சம் உள்ள இருக்கணும்." உலகத்துலயே எளிமையான மாடல் இதுதான். அது திரையில இருந்திருந்தா, கருவி பொய் சொல்லுதுன்னு கத்தியிருக்கும். கருவிகள் சொல்றதையும் இந்த மாதிரி சமன்பாடுகளையும் ஒத்திட்டுப் பார்த்து எந்தக் கருவி தப்புன்னு பிடிக்கிறதுக்குன்னே ஒரு துறை இருக்கு. அதுல பலர் படிக்கிற புத்தகத்தை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர், ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சங்கர் நரசிம்மன். 2000ல அதை வெளியிட்டது ஹூஸ்டன் பதிப்பகம் ஒண்ணு. அடையாறுக்கும் ஷிப் சேனலுக்கும் இப்படி ஒரு பழைய பாதை இருக்குன்னு நம்ம தலைமுறைக்குத் தெரியணும்.

அதனால என் சண்டை மாடலோட இல்ல. எல்லைகளையும் விலைகளையும் யார் எழுதுறாங்க, எழுதும்போது யார் அறையில இருக்காங்கங்கிறதுலதான்.

எனக்கு என்ன வேணும்

"மிச்சத்துக்கு ஏற்கனவே விலை போட்டிருக்காங்களே"ன்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுவீங்க. உண்மை. கையிருப்பு குறைய குறைய விலை ஏறுற மாதிரி ஒரு வளைகோட்டை எர்காட் 2014லயே சேர்த்துச்சு. 2025 டிசம்பர் 5லேர்ந்து மின்சாரத்தையும் கையிருப்பையும் ஒரே கணக்குல, நிகழ்நேரத்துல, சேர்த்து முடிவு பண்றாங்க, பேட்டரிகளையும் சரியா உள்ள கொண்டு வந்திருக்காங்க. நல்ல முன்னேற்றம். ஆனா அது அடுத்த சில நிமிஷம், சில மணி நேரத்துக்கான மிச்சம். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற குளிருக்காகக் குழாய்க்குப் போர்வை சுத்தி வைக்கிற மிச்சத்துக்கு அந்தக் கணக்குல இடமில்ல. 2011 பிப்ரவரியிலேயே டெக்சஸ்ல இதே மாதிரி உறைஞ்சு, இதே ஆலோசனையை எழுதிக் கொடுத்தாங்க. பெரும்பாலும் யாரும் கட்டாயப்படுத்தல. 2021க்கு அப்புறம் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினாங்க, நேர்ல போய்ச் சோதிச்சாங்க. 2024 ஜனவரிக் குளிர்ல கட்டம் தாங்குச்சு, மின்வெட்டு வரல. போர்வையைச் சுத்த வச்சது சட்டசபை, மாடல் இல்ல.

இப்ப டேட்டா சென்டர்கள் வரிசையில நிக்குது. நம்ம வாசகர்கள்ல எத்தனையோ பேர் அந்த டேட்டா சென்டர்களுக்கு உள்ள ஓடுற ஏஐயை எழுதுறவங்க. அதே ஏஐயை வச்சே மின்கட்டத்தை இன்னும் இறுக்கி ஓட்டலாம்னு ஸ்டார்ட்-அப்கள் பணம் திரட்டுது. போங்க, சேருங்க, நான் தடுக்கல. மூணு விஷயம் மட்டும் கேட்கிறேன்.

ஒண்ணு. மாடல் எழுதுறதுக்கு முன்னாடி ராத்திரி ஷிஃப்ட்ல போய் உக்காருங்க. ஒரு வாரமாவது. யார் எந்த எல்லையை ஒட்ட வச்சிருக்காங்கன்னு பாருங்க. ஒட்ட வச்ச ஒவ்வொரு எல்லைக்குப் பின்னாடியும் ஒரு காரணம் இருக்கும். பாதிக் காரணம் பழசாயிருக்கும், மீதிப் பாதி உங்களைக் காப்பாத்தும்.

ரெண்டு. மாடலை நல்ல நாள்ல ஓட்டிக் காட்டி "இத்தனை சதவீதம் மிச்சப்படுத்தினோம்"னு ஸ்லைடு போடாதீங்க. அதோட எல்லாக் கணிப்பும் பொய்யாகுற நாள்ல என்ன பண்ணும்னு காட்டுங்க. வெட்டப்பட்ட வீட்டை "வேண்டாம்னு சொன்னவங்க"ன்னு எண்ணுதான்னு பாருங்க.

மூணு. யாருக்கு முதல்ல வெட்டணும்ங்கிற வரிசை ஏதோ ஒரு ஃபைல்ல இருக்கு. அது எல்லாரும் படிக்கிற மொழியில வெளியில வரணும். லால்குடிக்கு அதிகம், சென்னைக்குக் குறைவுன்னு முடிவு பண்ணினதும் ஒரு ஆப்டிமைசேஷன்தான். எழுதாம இருந்தாலும் எடை போட்டது போட்டதுதான். ஆனா அது வெளிப்படையா தெரிஞ்சதால அப்பாயியால அதைத் திட்டவாவது முடிஞ்சது. திட்ட முடியாத அநியாயத்தைத் திருத்தவும் முடியாது.

இதெல்லாம் செலவு வைக்கும். உங்க பில்லுல மாசம் சில டாலர் ஏறலாம். நான் கொடுக்கத் தயார். நீங்க தயாரா இல்லைன்னா அதையும் பொதுவுல சொல்லுங்க, பேசுவோம். பேசாம இருந்தா, அந்த எண்ணை நமக்குப் பதிலா வேற யாரோ எழுதிடுவாங்க, பெரும்பாலும் பூஜ்யம்னு.

அப்பாயி அந்த வருஷக் கடைசியில ஊருக்குத் திரும்பிப் போயிட்டாங்க. போன மாசம் வீடியோ கால்ல, "நீ என்ன வேலை பார்க்குறேன்னு இன்னும் எனக்குப் புரியல கண்ணு"ன்னாங்க. "கரண்ட் வீணாகாம பார்த்துக்குற வேலை அப்பாயி"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "வீணாகாம பாரு, பத்தாமப் போயிடாம"ன்னாங்க.

உங்க வீட்லயோ வேலையிலயோ இந்த மாதிரி யாராவது ஒரு எல்லையை "ஒட்ட வச்ச" கதை இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. தமிழோ தங்கிலீஷோ, எதுல எழுதினாலும் படிப்போம். அடுத்த எபிசோட்ல பேட்டரிகள் பத்தி: சாயங்காலம் ஏழு மணிக்கு அதுங்க யாருக்காக வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

அதுவரைக்கும், சோறு வைக்கும்போது ஒரு பிடி சேர்த்துப் போடுங்க.